எதிர்வீட்டுப் புகைபோக்கி

1

இந்தக் கதை ஒரு பயத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் மேசை சன்னலை ஒட்டி இருக்கிறது. தெருவின் அந்தப் பக்கத்தில், ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசைவீடுகளில் ஒன்றில், பெரில் சக்டன் குடியிருக்கிறார். எழுத்து ஓடாத காலைகளில் (பெரும்பாலான காலைகள் அப்படித்தான்) நான் அவர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அக்டோபர் பிறந்தால் அதில் பழுப்பாக, தடிமனாக, ஏதோ கோபத்தில் இருப்பதுபோலப் புகை வரும். இந்த அக்டோபரில் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குளிரோ காதைக் கடிக்கிறது. பெரிலுக்கு எழுபதை ஒட்டிய வயது, கணவர் போனபின் தனியாக இருப்பவர். நான் வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. உள்ளிருந்து சூடு வந்து முகத்தில் அடித்தது. பெரில் கையில்லாத சட்டையில் நின்றார்.

"என்ன, பேயப் பாத்த மாதிரி நிக்கற?"

"புகை வரலயேன்னு..."

"வராது. அதுக்குத்தான இந்தப் புது அடுப்ப வாங்கினேன்? உள்ள வா. கதவச் சாத்து, சூடெல்லாம் தெருவுக்குப் போகுது."

போனேன். அன்றே பாதிக் கதை கிடைத்தது. நடுவில் ஒரு துண்டைப் பெரில் பிறகு தெருவில் வைத்துச் சொன்னார், மீதி இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. அவை ஒட்டாத இடத்தில் என் பசை இருக்கும். தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள்.

அ) "யார்க்ஷயர் குன்றுகளின் மேல் முதல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

(நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் குன்றுக்கு எந்த வேலையும் இல்லை.)

ஆ) "காற்றைத் தூய்மையாக வைத்திருப்பது நம் ஒவ்வொருவரின்—"

(நகரசபைத் துண்டறிக்கை. நாலு மொழிகளில் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது.)

இ) சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப் இருமினான்.

இது இருக்கட்டும். ('இருமினார்' என்றுதான் முதலில் எழுதினேன். நேரில் கண்டால் இருவருக்கும் 'ர்' போட்டுத்தான் பேசுவேன். ஆனால் கதைக்குள் காலெடுத்து வைத்ததும் இரண்டு பேருக்குமே வயது குறைந்துவிடுகிறது. இனி அவன், அவள்.)

3

சுவருக்கு அந்தப் பக்கம் வில்ஃப் இருமினான். பெரில் கையிலிருந்த விறகைக் கணப்பில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், கூரைமேல் இருவருக்கும் பொதுவாக ஒரே செங்கல் தூண். அதில் ஆளுக்கொரு புகைக்குழல். வில்ஃப் எரிவாயுச் சூடேற்றிக்கு மாறிப் பல காலம் ஆகிறது. அவன் குழல் சும்மா வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மேற்கிலிருந்து காற்றடித்தால், பெரிலின் புகை தன் குழலில் ஏறி, பக்கத்துக் குழலில் இறங்கி, வில்ஃபின் முன்னறையில் போய் உட்காரும். வில்ஃப் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்தவன். அவன் நெஞ்சில் ஏற்கெனவே போதுமான கரி இருந்தது.

ஆனால் குறை சொல்லமாட்டான்.

"வாழ்நாள் பூரா அதத் தோண்டித்தான் சோறு தின்னேன் அம்மணி*. இப்ப அது என்னத் தேடி வந்து பாத்துட்டுப் போகுது. போகட்டுமே."

(* அவன் சொன்ன சொல் வேறு. இந்த ஊரில் பேருந்து ஓட்டுநர் முதல் பல் பிடுங்குகிறவர் வரை எல்லாரையும் அன்பே என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியே எழுதினால் நீங்கள் இப்போதே முடிவுக்குப் போய்விடுவீர்கள். அதனால் அம்மணி.)

வில்ஃபின் மகள் லொரெய்ன் பிரிட்லிங்டனில், கடலைப் பார்த்த வீட்டில் இருக்கிறாள். அப்பாவுக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். இன்னொரு குளிர்காலம் இப்படி இருமினால் வந்து அழைத்துப்போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள். வியாழன்தோறும் பெரில் வீட்டில் இருவரும் டாமினோ ஆடுவார்கள், புள்ளி போட்ட காய்களை வரிசையாக வைக்கும் ஆட்டம்; அப்படி ஓர் ஆட்டத்தின் நடுவில் வில்ஃப் இதைச் சொன்னான்.

"போயேன்," என்றாள் பெரில். "மீன் புடிச்சுத் தின்னுகிட்டு இரு."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. குழாயைத் திறந்து மூடினாள்.

(இந்த இடத்தில் அவள் மனதை அரைப் பக்கம் எழுதி, அடித்துவிட்டேன். குழாய் போதும்.)

4

எங்கள் பகுதியில் புகைக் கட்டுப்பாடு உண்டு. புகைபோக்கியில் புகை தெரியக்கூடாது. விறகு எரிக்க வேண்டுமானால் அனுமதி பெற்ற மூடிய இரும்பு அடுப்பில்தான் எரிக்கலாம். பெரிலின் திறந்த கணப்பு, அதில் அவள் எரித்த ஈர விறகு, எல்லாமே விதிக்கு வெளியே. தெருவுக்கே தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. இப்போது அந்த விதி அவளுக்குக் கைகொடுத்தது. உனக்காக அடுப்பு வாங்குகிறேன் என்று எழுபது வயதில் ஒருவனிடம் சொல்ல முடியுமா? நகரசபை படுத்துகிறது என்று சொல்லலாம்.

கடைக்காரியின் பெயர் ஹேசல். (இவளை நான் நம்பவில்லை. கடைக்காரர்கள் கதையில் இவ்வளவு நியாயமாகப் பேசினால் சந்தேகம் வரும். ஒரு பிரதியில் இவளை மோசக்காரியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை, விட்டுவிட்டேன்.)

பெரில் நேராகப் போய் எல்லாவற்றிலும் பெரிய அடுப்பின்மேல் கை வைத்தாள்.

"இது."

"உங்க ரூம் எவ்வளவு பெருசு?"

"ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு டிவி. பூனை போனவருஷம் போயிடுச்சு."

"அப்ப இது வேணாம். இத முழுசா எரிச்சா நீங்க வெந்துடுவீங்க. சூடு தாங்காம அடக்கி வைப்பீங்க. அடக்கினா புகை. சின்ன அடுப்ப நல்லா எரிய விடறதுதான் சுத்தம்."

"அந்தப் பளபளன்னு இருக்கறது?"

"அழகா இருக்கும். ஆனா அனுமதிப் பட்டியல்ல இல்ல. இதுல விறகு எரிக்கக் கூடாது."

மூன்றாவது, மூலையில், குட்டியாக, கறுப்பாக, தபால்பெட்டிக்குக் கால் முளைத்ததுபோல நின்றது. விறகும் எரிக்கலாம், புகையில்லாக் கரியும் எரிக்கலாம். கரிக்குக் கீழேயிருந்து காற்று வேண்டும், அதற்குக் கம்பித்தட்டு. விறகுக்கு மேலிருந்து காற்று வேண்டும், அதற்கு ஒரு பிடி.

"அசிங்கமா இருக்கே," என்றாள் பெரில்.

"பழகிடும்."

"என் வீட்டுக்காரரப் பத்தியும் எங்கம்மா இதத்தான் சொன்னாங்க." பெரில் அந்தப் பிடியைத் தள்ளிப் பார்த்தாள். "இது முழுசா மூட மாட்டேங்குதே?"

"மூடாது. உள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ தடுக்குது. எப்பவும் கொஞ்சம் காத்து போகணும். தீக்கு மூச்சு முட்டினா புகை வந்துடும். அந்த ஸ்க்ரூ இருக்கறதாலதான் இதுக்கு அனுமதியே. கதவுக் கண்ணாடி கறுப்பாச்சுன்னா ஏதோ தப்புன்னு அர்த்தம், போன் பண்ணுங்க."

இந்த உரையாடல் நடந்தபோது வில்ஃப் கடையில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும்போது மறந்துபோய் அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டேன், கதை அங்கேயே முடிந்துவிட்டது.

5

அடுப்பு வந்தது. புகை நின்றது. (நான் செருப்போடு ஓடியது அந்த வாரத்தில்தான்.) சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் குறைந்து, பிறகு ராத்திரியில் மட்டும் என்றாகி, ஒருநாள் அறவே கேட்கவில்லை. பெரிலுக்கு உடனே வேறு பயம் வந்தது. சுவரைத் தட்டினாள்.

"உயிரோட இருக்கியா?"

"தூங்கவிடு, கிழவி!"

இப்படி ஒரு சந்தோஷம். இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் வில்ஃப் சுரங்கக்காரன். சுரங்கக்காரர் வீடுகளில் தீ அணைவது என்பது வெட்கக்கேடு. படுக்கப்போகும் முன் வீட்டு ஆம்பிளை செய்யும் கடைசி வேலை, தீயைச் சாம்பலால் போர்த்தி, காற்றை அடைத்து, விடியும்வரை கனலவைப்பதுதான். காலையில் போர்வையை விலக்கி ஊதினால் எழுந்துகொள்ள வேண்டும். அடுத்த வீட்டில் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டால், அந்த வீட்டைப் பற்றித் தெரு பேசும்.

வியாழக்கிழமை ஆட்டம் முடிந்து எழுந்தவன் அடுப்பின்முன் குந்தினான். பிடியைத் தள்ளினான். பாதியில் நின்றது. இன்னொருமுறை தள்ளினான்.

'மாட்டினவன் சரியா மாட்டல,' என்று நினைத்தான். 'பாவம், ராப்பூரா விறகு வீணாப் போகுது. காலைல குளிர்ல நடுங்குவா. சொன்னா, அந்தக் கடைக்காரியோட சண்டைக்குப் போவா.'

பெரில் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரம், சட்டைப்பையிலிருந்து திருப்புளி எடுத்தான். தடுத்த ஸ்க்ரூவைக் கழற்ற ஒரே நிமிடம். ஒரு பருத்த விறகை உள்ளே வைத்து, சாம்பலைப் போர்த்தி, பிடியை நன்றாக இறுக மூடினான். நல்ல காரியம் செய்த மனிதனின் நடையோடு வீட்டுக்குப் போனான்.

ராத்திரி மூன்று மணியளவில் அந்த நல்ல காரியம் தன் குழலில் ஏறி, பக்கத்துக் குழலில் இறங்கி, அவனையே எழுப்பியது.

(இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால், மிகை என்று அடித்திருப்பேன்.)

6

வில்ஃப் அதற்குப் பிறகு தினமும் வந்து தீயைப் போர்த்திவிட்டுப் போனான். பெரிலின் வீடு காலையில் கதகதப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் முன்னைவிடப் பலமாக இருந்தது. அடுப்பு வாங்கியும் பலனில்லை, பழுது அவன் நெஞ்சில்தான் என்று அவள் நினைத்தாள். லொரெய்ன் தொலைபேசினாள். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறாளாம்.

புதன்கிழமை காலை, பெரில் அடுப்பின் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினாள். காணவில்லை. தார் பூசியதுபோலக் கறுப்பு. கடைக்குப் போன் போட்டாள்.

"காத்துப் பிடிய முழுசா மூடறீங்களா?" என்றாள் ஹேசல்.

"எப்படி மூட முடியும்? ஸ்க்ரூதான் இருக்கே?"

"இருக்கான்னு பாருங்க."

பெரில் மண்டியிட்டுப் பார்த்தாள். பிடியைத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கடைசிவரை போனது. இந்தத் தெருவில் டாமினோ ஆடத் திருப்புளியோடு வருகிற ஆள் ஒருவன்தான்.

அவள் வெகுநேரம் அப்படியே மண்டியிட்டிருந்தாளாம். அன்று மாலை தெருவில் பார்த்தபோது, கோபமாகவா என்று கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது, முட்டியும் பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை என்றார்.

7

நேற்று வியாழக்கிழமை. மேசை, காய்கள், பெட்டியில் பிஸ்கட். பெரில் ஒரு காயை வைத்தாள்.

"வில்ஃப், என் அடுப்புல இருந்த ஸ்க்ரூ எங்க?"

டாமினோவில் ஒரு வழக்கம் உண்டு. வைக்கக் காய் இல்லாவிட்டால் மேசையை ஒருமுறை தட்ட வேண்டும். என்னிடம் ஒன்றுமில்லை, உன் முறை என்று அர்த்தம். வில்ஃப் தட்டினான்.

அவள் இன்னொரு காய் வைத்தாள். "அது எதுக்குத் தெரியுமா இருந்துச்சு? புகை வராம இருக்க. உன் வீட்டுக்குள்ள."

தட்டினான். இந்தமுறை மெதுவாக.

"நகரசபை என்னப் படுத்தலய்யா. ஒருத்தனும் வந்து கேக்கல. நானாத்தான் வாங்கினேன்."

வில்ஃப் அவளைப் பார்த்தான். நெடுநேரம். (இங்கே எத்தனை வரி காலியாக விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே விட்டுக்கொள்ளுங்கள்.) பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, அந்தச் சின்ன ஸ்க்ரூவை எடுத்து, காய்களின் வரிசைக் கடைசியில் வைத்தான்.

"தீ அணஞ்சுடும் அம்மணி. ராத்திரி அத மூச்சு விட விட்டா, காலைல சாம்பல்தான் இருக்கும்."

"அணையட்டும்."

"அணையட்டுமா? தெரு என்ன பேசும்?"

"காலைல வந்து நீ பத்தவை. தினமும்." அடுத்த காயை வைத்தாள். "பிரிட்லிங்டன்லேர்ந்து வர முடியாது. இங்கேர்ந்துதான் முடியும்."

8

முடிவுகள்.

அ) ஞாயிற்றுக்கிழமை லொரெய்ன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு—

(முடியாது. மூன்று முறை முயன்றேன். பேனா ஓடவில்லை.)

ஆ) அவர்கள் திருமணம் செய்துகொண்டு, நடுச்சுவரில் ஒரு கதவு வைத்து—

(சுவர் தாங்காது. அதிலேதான் கூரையே நிற்கிறது.)

இ) இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் வில்ஃபைப் பார்த்தேன். நேற்று நடந்ததை அவராகவே சொல்லிச் சிரித்தார். சிரிப்பின் நடுவே இருமவில்லை. கையில் ஒரு பை. சந்தைக்குக் கொண்டுபோவதா, ஞாயிறுக்கு முன்பே மகள் ஊருக்குக் கொண்டுபோவதா, சொல்ல முடியாத அளவில் இருந்தது. பேருந்தும் அப்படித்தான், சந்தை வழியாக ரயில் நிலையம் போவது. விரல் நுனியில் கறுப்பு. ஆனால் அந்த விரல்கள் எப்போது கறுப்பாக இல்லாமல் இருந்தன?

"காலைல போனீங்களா? பத்த வச்சீங்களா?" என்று கேட்டேன்.

வில்ஃப் நிறுத்தத்தின் கண்ணாடியை விரலால் ஒருமுறை தட்டினார். பேருந்தில் ஏறிக்கொண்டார்.

இப்போது சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே புகைபோக்கி. புகை இல்லை. தீ எரிந்தாலும் வராது, எரியாவிட்டாலும் வராது. அதற்காகத்தானே பெரில் அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினார். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. தெருவைத் தாண்டிப் போய்க் கேட்கலாம். முன்பு ஒருமுறை போனேன். இந்தமுறை போகப்போவதில்லை. உங்களுக்குத் தாங்கவில்லையென்றால் நீங்கள் போய்த் தட்டுங்கள். கதவு திறந்ததும் சூடு முகத்தில் அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு புறா வந்து பெரிலின் குழலின் விளிம்பில் உட்கார்கிறது. அலகைச் சிறகுக்குள் செருகிக்கொள்கிறது. குளிர் காய்கிறதா, இல்லை சும்மாதான்—