லோகோவில் நின்ற அண்ணன்

உலக வரலாற்றின் போக்கையே மாற்றக்கூடிய செய்தி ஒன்றை, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடும் கனத்த இதயத்தோடும் இங்கே பதிவு செய்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் ஃபோன் ஹேங் ஆனது. அதில் பேசிக்கொண்டிருந்த என் அண்ணனும் ஹேங் ஆனார்.

அண்ணன் தெய்வநாயகம் பதினோரு வருஷமாக என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவராகவே கூப்பிட்டார்.

"தம்பி, அன்னைக்குத் தப்பு யார் மேலன்னா" என்றார்.

அதோடு நின்றுவிட்டது. திரையில் கம்பெனி லோகோ மட்டும் தெரிந்தது.

தப்பு என்பது அவர் மகள் கயல்விழியின் கல்யாணப் பத்திரிகை. அதில் அவருடைய சகலை பெயருக்குக் கீழே என் பெயர் அச்சாகியிருந்தது. அண்ணியின் தங்கை புருஷன் மேலே, கூடப்பிறந்தவன் கீழே. இதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. பதினோரு வருஷமாக அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் அண்ணி மரகதம் அவரை அரக்கோணத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்கினார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு விரல் உயர்ந்திருந்தது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம்.

"உங்க ஃபோன்லதானே மாட்டிக்கிட்டாரு? நீங்களே வெச்சுக்கங்க தம்பி."

"சாப்பாடு அண்ணி?"

"வேணாம். தூசி மட்டும் தட்டுங்க."

அந்த விரல் என்னைக் காட்டப் போகிறதா, அவர் நெஞ்சைக் காட்டப் போகிறதா என்று தெரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தேன். சரியாக நடுவில் இருந்தது.

ஃபோன் கடை ஜபருல்லா ஃபோனை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"லோகோவைத் தாண்ட மாட்டேங்குது சார். நின்ன ஃபோனை எழுப்பறதுக்குன்னு கம்பெனி போட்ட ரெக்கவரி சாஃப்ட்வேர் செத்துப்போச்சு. வெளியிலேர்ந்து வேற ரெக்கவரி போடணும். கேபிள் மாட்டி கம்ப்யூட்டர்லேர்ந்து ஏத்தணும். கேபிள் சொருகற உங்க போர்ட்தான் உடைஞ்சு கெடக்குதே."

"போர்ட் இல்லாம ஏத்த முடியாதா?"

"தாராளமா முடியும். அதுக்கு ஃபோன்ல ரெக்கவரி இருக்கணும்."

"அது இருந்தா நான் ஏங்க இங்க வரேன்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

மீட்பு இயக்குநரகத்துக்குப் போகச் சொன்னார். போனேன். அங்கே தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. நின்றேன். அதுவும் நின்றது. சுவரில் 'பின்னோக்கி நடக்கவும்' என்று எழுதியிருந்தது. பின்னோக்கி நடந்தேன். இயக்குநர் அறை வந்து முதுகில் இடித்தது.

கதவில் முனைவர் குலோத்துங்கன் என்று பலகை. பெயருக்குப் பின்னால் பதினேழு பட்டங்கள். கடைசிப் பட்டம் அடுத்த அறைக்குள் இருந்தது.

ஏழு விண்ணப்பங்கள் கொடுத்தார். ஒன்றில், 'விண்ணப்பதாரர் தற்போது எத்தனை சதவீதம்?' என்று கேட்டிருந்தது. நாற்பத்தொன்று என்று எழுதினேன். முனைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார்.

"போர்ட் முழுசா உடைஞ்சதா?"

"ஒரே ஒரு கோணத்துல வேலை செய்யும் சார். ஃபோனைக் குப்புறப் போட்டு, கேபிளை இடது பக்கம் மடக்கி, மேல உளுந்து டப்பாவை வெச்சா ஏறும். எங்க வீட்டு சமையல் மேடையில மட்டும்."

"இந்த மேசையில?"

"இது சமமா இருக்கு சார்."

முனைவர் முகம் சிவந்தது. அரசாங்க மேசையைச் சமமாக இருக்கிறது என்று யாரும் இதுவரை குறை சொன்னதில்லையாம். நேரில் ஆய்வு செய்ய வீட்டுக்கே கிளம்பினார். தாழ்வாரம் அவருக்கு மட்டும் உடனே முடிந்தது.

அண்ணனைத் தொட்டுப் பார்த்தார். லேசாகச் சுட்டது.

"லோகோவிலேயே ரொம்ப நேரம் நிக்கிறாரு. சீக்கிரம் ரெக்கவரி போடணும்."

சமையல் மேடையில் ஃபோனைக் குப்புறப் போட்டோம். கேபிளை மடக்கினோம். உளுந்து டப்பாவை வைத்தோம். ஏறவில்லை. துவரம்பருப்பையும் வைத்தோம். ஏறவில்லை. கடைசியில் டப்பாக்களை எடுத்துவிட்டு முனைவரே ஃபோன் மேல் ஏறி உட்கார்ந்தார். பதினேழு பட்டமும் சேர்ந்ததில் எடை சரியாக இருந்தது. கேபிள் பிடித்தது. ஆய்வு என்பதால் அவர் மேடையில் உட்கார்ந்தபடியே உரையாற்றத் தொடங்கினார்.

"மீட்பு என்பது ஒரு தத்துவம். மீட்பு என்பது ஒரு நெறி."

ரெக்கவரிக்குள் போக, வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் தொடைக்கு அடியில் கைவிட்டு அழுத்தினேன். முனைவரின் குரல் குறைந்தது. விடாமல் அழுத்தினேன். குரல் நின்றுபோனது. உதடுகள் மட்டும் இருபது நிமிஷம் அசைந்தன. பிறகு தானே கைதட்டிக்கொண்டார். அந்தச் சத்தமும் வரவில்லை.

பொத்தானை விட்டேன்.

"புது ரெக்கவரி போட ஃபோனோட பூட்டைத் திறக்கணும். உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சுடும். சம்மதமா?" என்றார் முனைவர்.

"உள்ள இருக்கிறதை எடுக்கத்தானே சார் ரெக்கவரியே போடறோம்?"

"மீட்கறது ஃபோனை. நீங்க பாட்டுக்கு உள்ள இருக்கிறதையும் கேட்டா எப்படி?"

"எங்க அண்ணன் பாதி வாக்கியத்துல நிக்கிறாரு. மீதி பாதி?"

"அதுக்கு எட்டாவது விண்ணப்பம். இன்னும் அச்சாகல."

அண்ணனின் சட்டைக் காலரில் புகை தெரிந்தது. சம்மதம் என்றேன்.

முனைவர் பாதத்திலிருந்து நீலமாக நிரம்பத் தொடங்கினார். முழங்காலில் இருபது சதவீதம். தொப்பையில் வெகுநேரம் நின்றது. கழுத்தில் தொண்ணூற்றேழு. அங்கே நின்று, என் பொறுமை மொத்தத்தையும் தின்றது. மேடையை இரண்டு தட்டுத் தட்டினேன். நூறு ஆனது.

அண்ணன் வாயை மூடினார். விரலை இறக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா இப்படி இளைச்சுப் போயிட்ட? சாப்டியா?"

பதினோரு வருஷமும் அழிந்திருந்தது. அவர் முகத்தில் என் மேல் ஒரு சின்ன வருத்தம்கூட மிச்சமில்லை. "வாடா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று தட்டு எடுத்து வைத்தார். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஏழு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்.

"அண்ணே, அன்னைக்குத் தப்பு யார் மேல?"

"என்னைக்கு?"

"கயல்விழி கல்யாணத்தன்னைக்கு."

"கயலுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" அவர் கண் விரிந்தது. "நல்லா நடந்துச்சாடா?"

"தெரியாது."

"ஏன்?"

"நான் வரலை."

அண்ணன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சித்தப்பன் நீ வரலையா?"

விளக்கினேன். பத்திரிகையின் எந்த வரியில் சகலை, எந்த வரியில் நான், எந்த அளவு எழுத்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். எழுந்தார். கை கழுவினார். செருப்பை மாட்டினார்.

"அரக்கோணம் எந்தப் பக்கங்க?" என்று முனைவரிடம் கேட்டார். முனைவர் நீலக் கையால் காட்டினார்.

அண்ணன் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஃபோன் இப்போது நன்றாக வேலை செய்கிறது.