கேடயக்காரனுக்கு எத்தனை புள்ளி

1

இது எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. ஒரு விளையாட்டுக்கு விதி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு விதி. கேடயக்காரன் என்ற பாத்திரத்துக்கு ஒரு திறன், அதற்கு எதிரே ஓர் எண். ஆறு நாளாகிவிட்டது. எண் வரவில்லை, இதுதான் வந்துகொண்டிருக்கிறது.

நாளை ஞாயிறு. என் மச்சினன் விளையாட வருவானா மாட்டானா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் வராவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச வேறு எதுவும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"முன்னொரு காலத்தில் ஒரு கோட்டை வாசலில் ஒரு கேடயக்காரன்—"

விட்டுவிட்டேன். கோட்டையை நான் பார்த்ததில்லை. அடுத்து:

"நாங்கள் வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவர்கள்."

இது உண்மை. இது இருக்கட்டும்.

2

ஒரு வீட்டைக் காலி செய்தபோது, "இதை மட்டும் குப்பையில போட்டுருங்க" என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே விதவிதமான பகடைகள், ஒன்றுக்கு இருபது முகம். கூடவே செங்கல் கனத்தில் ஒரு விதிப்புத்தகம். எங்கள் ஆபீசில் பில் போடுகிறவர் அதைப் படித்துப் படித்துச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

[நான் எழுத்துக் கற்றது முப்பத்தெட்டு வயதில். பெட்டிமேல் எழுதியிருப்பது தெரியாமல் சமையலறைப் பெட்டிகளைப் படுக்கையறையில் இறக்கி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று தோன்றியது. புதிதாகக் கற்றவனுக்குக் கை சும்மா இருக்காது. எனவே கதை நடத்துகிற வேலை என் தலையில் விழுந்தது.]

விளையாட்டு இவ்வளவுதான்: ஆளுக்கொரு பாத்திரம். பில்காரர் மந்திரவாதி. லாரி டிரைவர் வில்லாளி. மச்சினன் கேடயக்காரன். குகையில் என்ன பூதம் வருகிறது என்று நான் சொல்வேன். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். அடி பட்டால் உயிர்ப்புள்ளி குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் முடிந்தான். ஞாயிறு காலை, கம்பெனி கிடங்கில், யாரோ எடுத்துக்கொள்ளாமல் விட்டுப்போன சாப்பாட்டு மேஜைமேல்.

3

புகார் கிளம்பியது, ஆளாளுக்குப் பலம் ஏறி ஒன்பதாவது லெவலுக்கு வந்தபோது.

"மாமா, ஒரு சந்தேகம்" என்றான் மச்சினன். "பில்காரர் நெருப்பு மழை பெய்ய வைக்கிறாரு, பறக்குறாரு, செவுத்துக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வர்றாரு. டிரைவர் ஒரே மூச்சுல மூணு அம்பு விடுறாரு. நான் என்ன பண்றேன்?"

"நீ முன்னாடி நிக்கிற."

"நின்னு?"

"அடி வாங்குற."

"கம்பெனியில பண்றதைத்தானேப்பா இங்கயும் பண்ற" என்றார் டிரைவர். "பழகின வேலை, கஷ்டமே இருக்காது."

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் அடுத்த வாரம் அரை மணி தாமதமாக வந்தான், அதற்கடுத்த வாரம் ஒரு மணி.

கேடயக்காரன் கொடுக்கும் அடியை இரட்டிப்பாக்கினேன். "அப்ப நான் எதுக்கு? விளக்குப் பிடிக்கவா?" என்றார் பில்காரர். சரி என்று மந்திரங்களை ஒரு நாளைக்கு நான்காகக் குறைத்தேன். மறுநாள் என் லீவு சீட்டு பில்காரர் மேஜையில் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது.

ஒருவன் தட்டில் வைத்தால் இன்னொருவன் தட்டில் குறைகிறது. இதைச் சமன் செய்வது எப்படி என்று அந்தக் கனமான புத்தகத்தில்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. புத்தகத்தில் இல்லை. அவ்வளவுதான்.]

4

எனக்குத் தெரிந்த ஒரே சமன் மாடிப்படியில் இருக்கிறது. இரண்டு பேர் பீரோ ஏற்றும்போது கீழே பிடிப்பவன்மேல்தான் கனம் இறங்கும். மேலே பிடிப்பவன் பின்னோக்கி ஏறுகிறான், கனம் குறைவு. அதனால் படி திரும்பும் இடம் வந்ததும் இறக்கி வைத்து இடம் மாறிக்கொள்வோம். யாரும் கேட்பதில்லை, யாரும் எண்ணுவதில்லை. மச்சினனும் நானும் பதினான்கு வருஷமாக ஜோடி.

அதையே விதியாக்கினேன். கேடயக்காரன் பக்கத்தில் இருப்பவரோடு இடம் மாறலாம். அவர்மேல் விழ வேண்டிய அடி இவனுக்கு, இவன் வீச வேண்டிய வீச்சு அவருக்கு. மூன்று வாரம் அற்புதமாகப் போயிற்று. மச்சினன் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

போன ஞாயிறு மந்திரவாதி குகைக்குள் பூஜ்யத்துக்கு வந்து விழுந்தார்.

"நான் போய் அவர் பக்கத்துல நிக்கிறேன்" என்றான் மச்சினன்.

"இடம் மாற முடியாதுடா. அவர் பூஜ்யம்."

"தெரியும். சும்மா நிக்கிறேன்."

"சும்மா நின்னா ஒண்ணும் ஆகாது. உன் முறைதான் வீணாப் போகும். பூதத்தை அடி."

"வீணா?" என்றான். பகடையைக் கீழே வைத்தான். "அப்ப அந்தப் பதினொரு நாளும் நான் வீணாத்தான் உக்காந்திருந்தேனா மாமா?"

5

இந்தக் கதையில் ஒருத்தியை இவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்தேன். முதல் பிரதியில் அவள் இல்லவே இல்லை. என் மனைவி. அவனுடைய அக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். செலவுக்கு நான் இரண்டு ஷிப்ட் தூக்கினேன். அவன் லீவு போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். பீரோ தூக்குவது மாதிரி பங்கிட்டுக்கொண்டோம். இறக்கி வைத்து மாறிக்கொள்ள இடம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பதினொன்றாம் நாள் காலை அவள் போனபோது நான் யாருடைய வீட்டிலோ நாலாவது மாடியில் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவனைப் பற்றி என் மனதில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அது போன ஞாயிறு வாயில் வந்துவிட்டது.

"உனக்கென்னடா, நீ உக்காந்திருந்த. நான்ல தூக்கிட்டிருந்தேன்."

பில்காரர் தன் காகிதத்தைப் பார்த்தார். டிரைவர் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறந்து மூடினார்.

மச்சினன் சத்தம் போடவில்லை. "அக்கா உங்களை ரெண்டு தரம் கேட்டுச்சு. ரெண்டு தரமும், இதோ கீழ வந்துட்டாரு, படியேறிட்டிருக்காருன்னு சொன்னேன். ரெண்டாவது தரம் கதவையே பாத்துட்டிருந்துச்சு. அதுக்கு உங்க நோட்டுல எத்தனை புள்ளி மாமா?"

தன் பாத்திரக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். கிழித்துப் போடவில்லை. அதை ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

6

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: கேடயக்காரன் பக்கத்தில் நின்றால் விழுந்தவருக்கு ஐந்து உயிர்ப்புள்ளி கூடும், எழுந்துவிடுவார். அடித்துவிட்டேன். அப்படி எழுவதாக இருந்தால் என் வீட்டில் இப்போது விளக்குப் போட ஆள் இருக்கும்.

இரண்டு: நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் கதவைத் திறந்து, "விடுங்க மாமா, உங்க மேல எனக்கு என்ன—" என்கிறான். இதையும் அடித்துவிட்டேன். எழுதத் தெரிந்தவனுக்கு இது ஒரு வசதி. அடுத்தவன் தர வேண்டிய மன்னிப்பைத் தானே எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது நான் கட்டியதில்லை, புதன்கிழமை நடந்தது. மூன்று மாடி, ஒரு மர அலமாரி, நாங்கள் இருவர். "இடது", "படி", "நில்லு" தவிரப் பேச்சில்லை. அவன் கீழே பிடித்திருந்தான். படி திரும்பும் இடத்தில் மாறிக்கொள்ள நான் இறக்கப் போனேன்.

"பரவால்ல. ஏறுங்க."

அடுத்த திருப்பத்திலும் அதையே சொன்னான். மூன்று மாடியும் கனத்தை அவனே வைத்துக்கொண்டான். அது கோபமா, இரக்கமா, இனி உன்னோடு மாறிக்கொள்ள ஒன்றுமில்லை என்பதா? நான் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். அலமாரி நடுவில் இருந்தது. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை.

7

விதி இப்போது இப்படி நிற்கிறது:

உடன் நிற்றல். விழுந்தவர் பக்கத்தில் கேடயக்காரன் நிற்கலாம். விழுந்தவர் எழமாட்டார். அங்கே நின்றதற்காகக் கேடயக்காரன் இழப்பது ______ புள்ளி.

"எண் இல்லாம விதி கிடையாதுங்க" என்று இன்று மத்தியானம்கூட பில்காரர் சொன்னார். "பகடையை எதை வச்சு உருட்டுறது?" அவர் சொல்வது நியாயம்தான். ஒன்று என்று போட்டால் அவனை அவமதிக்கிறேன். நூறு என்று போட்டால் கேடயக்காரன் அந்த இடத்திலேயே செத்துப்போவான். அவன் சாகவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்து என் எதிர்ப்பக்கத்தைப் பிடித்தான்.

எண்ணுக்கான இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் எப்போதாவது ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வராத ஒருவரை வந்துகொண்டிருப்பதாகச் சொன்னவராக இருந்தால், அந்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போட்டுவிடுங்கள்.

அந்த நேரத்தில் படியேறிக்கொண்டிருந்தவராக இருந்தால், என்னைப் போல, பென்சிலைத் தொடாதீர்கள்.