நான்கு தரம் திருத்திய அறிவித்தல்

கனடாவில் எட்மண்டன் நகரில் தனியே இருந்த தில்லைநாதன், கட்டட வரைபடங்களில் பிழை பிடிக்கும் வேலையை முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு பிழை பிடிக்க மனிதர்கள்தான் மிச்சம். சீட்டு விளையாடக் கூப்பிட்டவர்கள் பிந்தி வருகிறார்கள் என்று அங்கே போவதையும் விட்டார். கடைசியில் பிழை பிடிக்கத் தன்னைத் தவிர ஒருவரும் இருக்கவில்லை. அதில் அவர் வலு கெட்டிக்காரர்.

மூன்று மாதமாக ஆளைக் காணவில்லையே என்று பழைய நண்பர் பஞ்சலிங்கம் ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினார். மேசையில் ஒரு கோப்பு திறந்து கிடந்தது. தில்லையர் தம் மரண அறிவித்தலைத் தாமே எழுதி, நான்கு தரம் திருத்தியிருந்தார்.

பஞ்சலிங்கம் அதை மெல்ல மூடினார்.

"தில்லையர், சாகிற யோசனையோ?"

இப்படி நேரே கேட்பார் என்று தில்லையர் எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "ஓம்," என்றார். "ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல், எல்லாத்தையும் சரியாய்ச் செய்துபோட்டுப் போகலாமெண்டு."

"நல்லகாலம், நாலு தரம் திருத்தியும் உமக்குத் திருப்தி வரேல்லை."

தில்லையருக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. பஞ்சலிங்கம் அவருடைய கையைப் பிடித்து, அதை விடாமலே டொக்டருக்குப் போன் எடுத்தார். நாலு மணிக்கு வரச் சொன்னார்கள்.

"நானும் வாறன். டொக்டரிட்டை மனம் விட்டுக் கதையும். அவரைத் திருத்த வெளிக்கிடாதையும்."

போகிற வழியில், பஸ்ஸில், கதை சுவாரசியத்தில் பஞ்சலிங்கம் இருவரும் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டார். பிழை சொல்ல வாயெடுத்த தில்லையர், அதை விட்டுவிட்டு அவரோடு திரும்பி நடந்தார். டொக்டரிடம் பத்து நிமிடம் பிந்தித்தான் போனார்கள்.