நாதஸ்வரப் பை

முருங்கைக்காய்க் கட்டை எடுக்கக் குனிந்த லாசர், தம் தோளில் என்ன தொங்குகிறது என்பதைச் சுத்தமாக மறந்துபோனார். தோளில் தொங்கிய நீளச் சிவப்புப் பை பின்னால் ஆடிப்போய் மைசூர்ப் பருப்புப் பாக்கெட் அடுக்கை இடித்தது. அடுக்கு சரிந்தது. அதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று அவர் திரும்ப, பையின் இன்னொரு முனை மீதி அடுக்கையும் சாய்த்தது. பாக்கெட்டுகள் வெடித்துப் பருப்பு தரையெல்லாம் ஓடியது. வார் தோளைவிட்டு நழுவி, பை விழுந்து, அதன் பழைய ஜிப் வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக, பளபளவென்று ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து வெண்டிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்றது.

பாரீஸின் லா சப்பேலில், ரூ கைய் தெருவில், குகதாசனின் பலசரக்குக் கடையில் அந்த ஞாயிறு மாலை நின்ற அத்தனை பேரும் அதை நாதஸ்வரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பை அப்படி. லாசர் ஒரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்ததும் அப்படி. யசோதினி என்ற வாடிக்கைக்காரப் பெண்தான் குனிந்து பார்த்தாள். நாதஸ்வரத்துக்கு வாய் ஒன்று. இதற்கு இரண்டு. அவள் போட்ட கூச்சலில் கடை பாதி காலியாகி வாசலில் குவிந்தது.

சத்தமே போடாதவர் குகதாசன் ஒருவர்தான். இடக்கையால் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த மனிதர், அடுத்த கணம் தராசுக்குப் பின்னால் இல்லை. லாசர் எட்டிப் பார்த்தார். கல்லாவுக்குக் கீழே, சிந்திய பருப்பின் மேல் முகம் குப்புற, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு குகதாசன் கிடந்தார்.

அந்த இடத்தில் லாசர் வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த வாய் ஞானஸ்நானத்தின்போதே சாமியாரைப் பார்த்துக் கொட்டாவி விட்ட வாய்.

"எழுந்திரு தாசன், பயப்படாத" என்றார் உரக்க. "நான் குறி பார்த்துச் சுட்டாலே எவன் மேலயும் படாது. இது சும்மா கீழதான விழுந்துது."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். குழந்தை வண்டியோடு வந்த பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். லாசருக்கு உள்ளே ஒரு நிம்மதி. எதையாவது உடைப்பது, பிறகு ஒரு சிரிப்பால் ஒட்டுவது. அறுபது தாண்டிய வாழ்க்கையை அவர் அப்படித்தான் ஓட்டி வந்திருந்தார். குகதாசன் எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த பருப்பைத் தட்டினார். யாரையும் பார்க்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வெண்டிக்காயை நிறுத்தார்.

யாரோ போன் செய்து போலீஸ் வந்தது. நெஞ்சுக் கவசம் போட்ட நாலு பேர். குழலும் கட்டையும் தனித்தனியாகக் கழற்றியிருந்தது, விசையில் பூட்டு இருந்தது, தோட்டா ஒன்றும் இல்லை, விளையாட்டுச் சுடுநர் லைசென்ஸும் கையில் இருந்தது. கிளப்பிலிருந்து நேராக வீட்டுக்குப் போகவேண்டிய பொருளோடு கடைக்கு ஏன் வந்தாய் என்று ஒருவர் கேட்டார். முருங்கைக்காய்க்கு என்றார் லாசர். முருங்கைக்காய் என்றால் என்ன என்பதைப் பிரெஞ்சில் விளக்கி முடிப்பதற்குள் அவர்களுக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் கடை ஷட்டர் இறங்கியிருந்தது.

துப்பாக்கி லாசரிடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். புதுச்சேரியிலிருந்து சின்ன வயதிலேயே வந்தவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா, அதாவது சிப்பாய். லாசரோ வரி அலுவலகத்தில் முத்திரை குத்தியே ரிட்டையர் ஆனவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், சொல்தா பிள்ளைக்கு வேறென்ன பொழுதுபோக்கு என்று துப்பாக்கி கிளப்பில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு பத்திரிகைகளைப் படித்து, உலகமே மெச்சுகிற ஒரு சுவிஸ் ரைஃபிளை வாங்கினார். அதைத் தூக்கிக் குறி பார்ப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். அதை விற்றுவிட்டு ஆஸ்திரியா பிஸ்டல் ஒன்று. மண்ணில் புதைத்து எடுத்தாலும் சுடும், தண்ணீரில் முக்கினாலும் சுடும் என்று பேர் போனது. லாசர் கையில் மட்டும் அடிக்கடி திக்கி நின்றது. துப்பாக்கியில் குறையே இல்லை, மணிக்கட்டு தளர்வாக இருந்தால் அப்படித்தான் என்றார்கள். மூன்றாவதுதான் இந்த இத்தாலி இரட்டைக்குழல். பறக்கும் மண் தட்டுகளைச் சுடுவதற்கு இதை மிஞ்ச ஆளில்லை என்று கிளப்பே சொன்னது. அதன் கட்டை யாரோ நெடுநெடுவென்ற இத்தாலிக்காரனின் தோளுக்கு அளந்து செய்தது. லாசர் அதற்கு அரை இத்தாலிக்காரன் உயரம். ஒவ்வொரு வெடிக்கும் கட்டை அவர் கன்னத்தில் ஓர் அறை விடும். தட்டுகள் ஓர்லி விமான நிலையத்து விமானங்கள்போல நிதானமாகத் தலைக்கு மேலே போய், தாமாகவே புல்லில் இறங்கும்.

இது எனக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று அவர் கேட்காத ஆள் இல்லை. கிளப் தலைவர் ழான்-லூக் "பா மால்" என்பார். அதற்கு மோசமில்லை என்றும் அர்த்தம், ஆளைவிடு என்றும் அர்த்தம். விற்ற கடைக்காரர், பழகப் பழகச் சரியாகும் என்றார். மனைவி மர்கரீத் அவருடைய வீங்கிய கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டே, உங்க இஷ்டம் என்றாள். இந்தப் பாரீஸில் நேராக ஒரு பதில் வாங்குவதைவிட நேராக ஒரு தட்டைச் சுடுவது சுலபம் என்று லாசருக்குத் தோன்றும். இரண்டும் அவருக்கு வாய்க்கவில்லை.

துப்பாக்கிக்கான கறுப்புப் பெட்டியோடு ஆர்.இ.ஆர் ரயிலில் ஏறினால் ஜனம் எழுந்து வேறு பெட்டிக்குப் போயிற்று. அதனால்தான் அந்தச் சிவப்பு நாதஸ்வரப் பை. லா சப்பேலில் ஒரு பூஜைச் சாமான் கடையில் வாங்கியது. அதைப் பார்த்த குகதாசன் முதல்நாளே, நாதஸ்வரம் பழகிறியளோ அண்ணை என்று ஆசையாகக் கேட்டார். லாசரும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தார். கத்தோலிக்கனுக்கு எதுக்கு நாதஸ்வரம் என்று குகதாசன் கேட்டிருந்தால் அன்றே தப்பித்திருக்கலாம். அவர் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் கடையின் பின்பக்கம் பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். எபினே புறநகரில் தாம் அடுத்த மாதம் திறக்கப்போகும் புதுக் கடைக்கு நீங்கள்தான் ஊதவேணும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். லாசர் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். நேரான பதில் சொல்லாதவர்கள் பட்டியலில் தாமும் உண்டு என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

ஷட்டர் இறங்கிய வாரம் முழுக்க லாசரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் ரூ கைய்க்கு ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பூட்டைப் பார்ப்பார். பூட்டு அவரைப் பார்க்கும். எதிர்க் காப்பிக்கடையில் நின்றபடியே ஒரு கபே குடித்துவிட்டு இன்னொரு தரம் போய்ப் பார்ப்பார். பக்கத்து நகைக்கடை வாமதேவனிடம் கேட்டால், கடையோ, பூட்டியெல்லோ கிடக்கு என்றார். ஏன் என்று கேட்டால், சனங்களுக்கு ஆயிரம் அலுவல் இருக்கும்தானே என்று தங்கத்தை ஊதினார். குகதாசனின் மனைவி கோசலைக்குப் போன் செய்தார். இவருக்குத் தடிமன், சளி பிடித்துப் படுத்திருக்கிறார் என்றாள். குரலில் தடிமன் இவளுக்குத்தான் இருந்தது. வேலையாட்கள் விட்டுப் போய்விட்டார்களோ? போலீஸ் மறுபடி வந்து ஏதாவது கேட்டதோ? குகதாசனின் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் அரசாங்க அலுவலகத்தில் கிடக்கிறதே, அதற்கு நம்மால் வில்லங்கமோ? ஒவ்வொன்றுக்கும் மர்கரீத்திடம் பதில் கேட்டார். அவள் நற்கருணை வாங்கப் போகிறவள்போல் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில், நீங்க போய் அவரையே கேக்கறதுக்கு என்ன என்றாள். நேராகச் சொன்னது அது ஒன்றுதான். ஆனால் அது பதிலில்லை, கேள்வி.

கேட்கப் பயம். அதுதான் விஷயம். பட்டாளத்து சொல்தா மகனுக்குப் பருப்புக் கடைக்காரரைப் பார்க்கப் பயம். கல்லாவுக்குக் கீழே பிடரியில் கோத்த அந்தக் கைகள் கண்ணை மூடினாலும் வந்தன. அப்படிப் படுப்பதை யாரும் ஒரு கணத்தில் கற்றுக்கொள்வதில்லை. உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளப்புக்குப் போகவில்லை. கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, சென் தெனியில் தவறாக இறங்கி, அடுத்த ரயிலைப் பிடித்து, குகதாசன் குடியிருக்கும் கார்ஜில் போய் இறங்கினார். கையில் ஒரு பெட்டி கேக். கோசலை கதவைத் திறந்து, வாங்கோ என்றாள். தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டாள்.

குகதாசன் படுத்திருக்கவில்லை. பால்கனிக் கதவோரம் பனியனோடு உட்கார்ந்து கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடிமன் இல்லை. தேத்தண்ணி வந்தது. லாசர் தம் வழக்கப்படி ஆரம்பித்தார். போலீஸ்காரன் ஒருவன் முருங்கைக்காயை மோந்து பார்த்த கதை. குகதாசன் ஓம் என்றார். வாமதேவன் தங்கத்தை ஊதிய கதை. அதற்கும் ஓம். மூன்றாவது கதைக்கு லாசர் வாயைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை.

"தாசன்" என்றார். "கடைய நீ தொறக்காதது என்னாலதானா? நேரா சொல்லிடு. உடம்பு சரியில்ல, அலுவல், அதெல்லாம் வேணாம்."

குகதாசன் கோப்பையை இடக்கையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"ஓம் அண்ணை. உங்களாலைதான்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"துவக்கு விழுந்ததுக்கில்லை. பொலிஸ் வந்ததுக்குமில்லை. நான் நிலத்திலை கிடக்கேக்கை சனம் சிரிச்சது. சிரிக்க வைச்சது நீங்கள். இனி அந்தச் சனத்துக்கு முன்னாலை நிண்டு எப்பிடி வெண்டிக்காய் நிறுக்கிறது எண்டுதான் இஞ்சை குந்தியிருக்கிறன்."

லாசருக்குத் தொண்டைவரை ஒரு நகைச்சுவை வந்தது. நல்லதுதான், எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். தேத்தண்ணியோடு சேர்த்து அதை விழுங்கினார். சூடு. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சூட்டால்தான் என்று அவர் பிறகு மர்கரீத்திடம் சொல்லிக்கொள்வார்.

"தப்புதான்" என்றார். "ரொம்பத் தப்பு."

குகதாசன் கார்களிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு வலக்கையை நீட்டித் திருப்பிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். லாசர் அவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறார். வடைச் சட்டி எண்ணெய் தெறித்தது என்று குகதாசன் ஒருநாள் சொல்லியிருந்தார்.

"நீங்கள் நாதஸ்வரம் எண்டியள். நான் எண்ணெய் எண்டன்" என்றார் குகதாசன். "பத்தொன்பது வயசிலை இயக்கத்திலை எனக்கும் ஒரு துவக்கு தந்தவை. திறமான சாமான். சேத்துக்குள்ளை கிடந்து எடுத்தாலும் சுடும் எண்டு எல்லாரும் மெச்சுவினம். பொய்யில்லை. அது ஒருநாளும் பிழைக்கேல்லை. ஆனால் வலக்கைக்காரருக்கெண்டு செய்தது. நான் இடக்கையன். சுடச் சுட, தோட்டாக் கோது நெருப்பா வந்து இந்தக் கையிலை விழும். மாத்தித் தாங்கோ எண்டு கேட்டன். இதைவிட நல்லது உலகத்திலை இல்லை எண்டவை."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. கை சுடுது எண்டு சொன்னன். கை மட்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். அதை ஆருக்குச் சொல்லுறது. ஒருநாள் காட்டுப் பத்தைக்குள்ளை அதைக் கிடத்திவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தன். அவ்வளவுதான்."

கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுக்க, பீப் பீப் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கோசலை வந்து கேக்கை வெட்டாமலே தட்டில் வைத்துவிட்டுப் போனாள். லாசர் ஒரு வருஷமாக எல்லாரிடமும் கேட்ட கேள்வியை, இந்த வேளையில் கேட்பது வெட்கமாக இருந்தும், சின்னக் குரலில் கேட்டார்.

"அப்போ எனக்கு? என்னோடது?"

குகதாசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். குட்டைத் தோள், கன்னத்தில் இன்னும் மஞ்சளாக ஆறாமல் கிடந்த காயம், மடியில் கேக் பெட்டியின் ரிப்பன்.

"உங்களுக்கு அது சரிவராது அண்ணை" என்றார். "வித்துப்போடுங்கோ. நாளைக்கு நான் கடை திறக்கிறன், வெள்ளன வாங்கோ. சாமான் ராக்கைக்குக் கீழை இன்னும் பருப்புக் கிடக்கு. கூட்டுறது நீங்கள்."