மூன்று மணி ஆட்டம்

எங்கள் கம்பெனியின் எழுபத்தைந்து வருட வரலாற்றை நாற்பது பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி முதலாளியம்மா கேட்டபோது, அப்பாவின் காதலை எந்தப் பக்கத்தில் போடுவது என்பதுதான் எனக்கு முதலில் வந்த சந்தேகம். விட்டுவிடவும் முடியாது. கடந்த பதினோரு வருடமாக இங்கிருந்து வெளியே போன ஒவ்வொரு சீட்டுக்கட்டிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

அப்பா வெட்டும் பகுதியில் இருக்கிறார். அச்சாகி, மெருகு பூசிக் காய்ந்து வரும் பெரிய தாளைச் சீட்டு சீட்டாக வெட்டுவது அவர் வேலை. நான் மாடியில் ஆபீஸில் கடிதம் எழுதுகிறவள். வரலாறும் கடிதம் மாதிரிதானே, எழுதிவிட மாட்டாயா என்று முதலாளியம்மா கேட்டார். இப்படி யோசிக்கிறவரிடம் என்ன பதில் சொல்வது? சரி என்று தலையாட்டிவிட்டுப் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

கம்பெனியை ஆரம்பித்தவர் முதலாளியம்மாவின் தாத்தா. பெரியவர் என்றால் இங்கே அவர்தான். லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த மனிதர், இரண்டு தாளை ஒட்டி, வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாதபடி நடுவில் கறுப்புப் பசை தடவி, முதல் சீட்டைச் செய்தார். முதன்முதலில் கடைகளுக்கு அனுப்பிய கட்டுகளில் பாதி திரும்பி வந்தன. அவற்றில் ஸ்பேடு ஏஸ் இல்லை, அதற்குப் பதிலாக கிளாவர் ஒன்பதாம் சீட்டு இரண்டு இருந்தது. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்திரண்டு சரியாக வரும். ஆடிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

அன்றைக்கு அவர் போட்ட விதி இன்றுவரை நடக்கிறது. ஒவ்வொரு நாளும் வெட்டிய சரக்கிலிருந்து ஒரு கட்டை உருவ வேண்டும். வெட்டுகிறவர் ஒருவரும் சரிபார்க்கிறவர் ஒருவரும் மூன்று மணிக்குச் சோதனை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு ரம்மி ஆட்டத்தை முழுதாக ஆடி முடிக்க வேண்டும். ஆட்டம் முடியாமல் அன்றைய சரக்கு வாசலைத் தாண்டாது.

அப்பாவுக்கு எதிரே உட்காருகிறவர் சரிபார்க்கும் அக்கா. வயது ஐம்பத்திரண்டு. படுக்கையில் கிடந்த தன் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் என்ற பேச்சே அவர் வாழ்க்கையில் வராமல் போய்விட்டது. கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்கும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் ‘பூதக்கண்ணாடி’ என்பார்கள். அந்த லென்ஸ் சும்மா ஒப்புக்குத்தான், வெறும் கண்ணே அவருக்குப் போதும். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் ‘ஏங்க’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பாதிக் கல்யாணம் அதிலேயே ஆகிவிட்டது என்று நான் அப்பாவைக் கிண்டல் செய்வேன்.

என் அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், எனக்குப் பிடிக்காததைச் சாப்பிட வைத்ததும், பள்ளிக்கூடத்தில் வந்து சண்டை போட்டதும் எல்லாம் அப்பாதான். அவருக்கென்று ஒன்றை அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை, இந்த அக்கா அந்த மேசைக்கு வரும்வரை. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஆட்டம் அரை மணி, முக்கால் மணி என்று நீள ஆரம்பித்தது. வாசலில் லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்திய பிறகுதான் அக்கா சீட்டை இறக்கி ஆட்டத்தை முடிப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது வாயைப் பிடுங்கினேன்.

“எட்டாவது சீட்டுலயே ரம்மி சேர்ந்துடுச்சு,” என்றார்.

“அப்புறம் ஏன் முக்கால் மணி நேரம்?”

“கலைச்சுட்டேன்.”

“கலைச்சுட்டீங்களா?”

“கீழ இறக்கினா ஆட்டம் முடிஞ்சிடும். அவங்க எழுந்து போயிடுவாங்க.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நாளைக்கு மூணு மணி வரைக்கும் இல்ல காத்திருக்கணும்?”

“வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே அப்பா?”

“கேட்டு, அவங்க வேணாம்னுட்டா? அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எதிர்ல உக்கார்றது? இருக்கிறதும் போயிடும்மா.”

இதற்கு மேல் அவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. வருடங்கள் போயின. அவர் தினமும் ரம்மி சேர்ப்பார், தினமும் கலைப்பார். நான் தினமும் திட்டுவேன்.

இந்த வருடம் சோதனை இயந்திரம் வந்தது. கட்டை உள்ளே வைத்தால் ஒவ்வொரு சீட்டையும் படம் பிடித்து, வளைத்து, தேய்த்து, நான்கு நிமிடத்தில் சரி, தப்பு என்று சொல்லிவிடும். திங்கட்கிழமையிலிருந்து மேசை வேண்டாம், வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம் என்று முதலாளியம்மா அறிவித்தார். அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இனிமே இழக்கிறதுக்கு என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை கேளுங்க,” என்றேன்.

“பார்க்கலாம்.”

அவர் அகராதியில் ‘பார்க்கலாம்’ என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை பதிவேட்டு அறையில் தும்மிக்கொண்டே புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பதினோரு வருடத்துக்கு முந்தைய குறை எழுதும் நோட்டு. குண்டு குண்டான எழுத்து. ‘தாளின் கடைசி வரிசைக்குப் போகப் போகக் கத்தி மயிரிழை இடப்பக்கம் சாய்கிறது. பின்பக்க ஓரத்தை வைத்தே எந்தச் சீட்டு என்று சொல்ல முடிகிறது. இந்தச் சரக்கை அனுப்பக் கூடாது.’ கீழே சரிபார்க்கும் அக்காவின் கையெழுத்து. அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். அதற்கும் கீழே அப்போதைய முதலாளியின் சிவப்பு மை: ‘பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. இவருக்கு மட்டும் தெரிகிறது. அனுப்பலாம்.’

மூன்று முறை படித்தேன். பிறகுதான் உறைத்தது. அப்பா விரித்துப் பிடித்திருக்கும் சீட்டுகளின் பின்பக்கம் தினமும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்பா சேர்த்தது, கலைத்தது, மறுபடி சேர்த்தது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் அப்பா என்ன வேடிக்கைப் பொருளா? பதினோரு வருடம் ஒரு மனுஷன் தவித்ததை உட்கார்ந்து ரசித்திருக்கிறாரே என்று அன்றிரவு முழுக்கப் பொருமினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நோட்டோடு சோதனை அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததுமே இன்னும் கேட்கவில்லை என்று தெரிந்தது. நான் நோட்டை விரித்து மேசை நடுவில் வைத்தேன்.

“அக்கா, இது உங்க எழுத்துதானே?”

அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

“என் கத்தி சாயுதா?” என்றார். எங்கப்பாவுக்கு அதுதான் முதலில் பட்டது!

“மயிரிழைதாங்க.”

“பதினோரு வருஷமா சொல்லவே இல்லையே நீங்க?”

“எழுதிக் கொடுத்தேன், யாரும் ஒத்துக்கல. அப்புறம் சொல்லணும்னு தோணல.”

“ஏன் தோணல?” என்றேன் நான். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. “அப்பா கையில இருக்கிற சீட்டெல்லாம் உங்களுக்குத் தெரியும், இல்ல?”

அவர் மெல்லத் தலையசைத்தார். அப்பாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன. கையிலிருந்த சீட்டுகளைச் சட்டென்று நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டார்.

“இப்ப மறைச்சு என்னங்க பண்றது?” என்றார் அக்கா. சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “தினமும் உங்க கையில ரம்மி சேர்றது தெரியும். சேர்ந்த உடனே அதுலயே நல்ல சீட்டா பார்த்து எடுத்து வெளிய போடுவீங்க. முதல் வருஷம், பாவம், இவருக்கு ஆடவே தெரியலன்னு நினைச்சேன்.”

“அப்புறம்?” அப்பாவின் குரல் கேட்டும் கேட்காமலும் இருந்தது.

“அப்புறம் நானும் கலைக்க ஆரம்பிச்சேன்.”

என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஜெயித்த ஆட்டத்தைக் கலைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பைத்தியங்களும் பதினோரு வருடம் லாரியைக் காக்க வைத்திருக்கின்றன.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே,” என்றேன். திட்டத்தான் நினைத்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை.

“சொன்னா, இவர் சீட்டெல்லாம் எனக்குத் தெரியும்னு அர்த்தமாயிடும். அப்புறம் இவர் எதிர்ல உக்கார மாட்டாரேம்மா,” என்றார். அப்பா என்னிடம் சொன்ன அதே பயம். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். “இப்பவும் சேர்ந்துதாங்க இருக்கு. ஓரத்துல இருக்கிற ஆர்ட்டின் ஏழாம் சீட்டைப் போட்டா ஆட்டம் முடிஞ்சுது. இன்னிக்கும் கலைக்கப் போறீங்களா?”

அப்பா சீட்டுகளை நெஞ்சிலிருந்து எடுத்தார். பிறகு ஆர்ட்டின் ஏழாம் சீட்டை உருவி மேசைமேல் வைத்தார். மீதிப் பதின்மூன்றையும் வரிசையாக விரித்து வைத்தார். எனக்குத் தெரிந்து அந்த மேசையில் அவர் இறக்கிய முதல் நல்ல கை அதுதான். அக்கா சீட்டுகளைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க,” என்றார் அப்பா. “மூணு மணிக்கு மட்டும் உங்களைப் பார்த்தா எனக்குப் பத்தலங்க. காலையில எழுந்ததும் பார்க்கணும். நீங்க எங்க வீட்டுக்கு வந்துடணும். அங்க இவ இருக்கா, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, மத்தபடி நல்ல பொண்ணு.”

“எனக்கும் பத்தலங்க,” என்றார் அக்கா. “வர்றேன்.”

அப்பா அழுது நான் பார்த்தது அம்மா போன அன்றைக்கு ஒரு தடவை. இது இரண்டாவது தடவை. அக்கா எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சத்தம் போடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.