கப்பலில் ஒன்பது பேர்

செல்வமாரி என் வீட்டுக்கு வந்தது அது ஐந்தாம் முறை. நாகலாபுரத்தில் மழைக்கு முந்திய புழுதி விதைப்புத் தொடங்கியிருந்தது. அவளோ வேலையை அண்டை வீட்டாரிடம் விட்டுவிட்டு முதல் பேருந்திலேயே கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவள் கணவன் இசக்கிமுருகன் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்ப்பவன். கப்பலின் உரிமையாளர் தலைமறைவாகிவிட்டார். கப்பலில் அவனோடு சேர்த்து நான்கு நாட்டார் ஒன்பது பேர். ஏழு மாதமாகச் சம்பளமில்லை. வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலைவிட்டு இறங்க அனுமதியுமில்லை. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்.

ஓய்வுபெற்ற பின் ஊராருக்கு மனு எழுதித் தருகிறேன். அவளுக்காக நான்கு எழுதியிருந்தேன். கப்பல் எந்தத் தீவு நாட்டின் கொடியைப் பறக்கவிட்டதோ அந்நாடு, துறைமுகத்தாரைக் கேட்கச் சொன்னது. துறைமுகத்தார் கொடி நாட்டைக் கேட்கச் சொன்னார்கள். நம் அரசின் கப்பல்துறை அலுவலகம் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதியது. செய்பவர் யாரென்று அந்த வாக்கியத்தில் இல்லை. மூன்று அரசுகள் ஒரு மனிதனைத் தட்டிக்கழிக்கின்றனவே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

பிழை என்னிடமும் இருந்தது. அதை முந்தின நாள் தொலைபேசியில் சுட்டிக்காட்டியவர் தூத்துக்குடி மாலுமிகள் சங்கத்துச் செய்யது அலி.

“நாலு மனுவுலயும் இசக்கிமுருகன் ஒருத்தர் பேருதான் இருக்கு சார். ஒருத்தர்னா சம்பளத் தகராறுன்னு ஓரமா வச்சிருவாக. ஆளைக் கைவிடலை, கப்பலையே கைவிட்டுட்டாக. எல்லார் பேரும் நாடும் வேணும். ஜெனீவாவுல உலகத் தொழிலாளர் அமைப்போட கைவிட்ட கப்பல் பட்டியல்ல ஏறிட்டா, ஒவ்வொரு நாட்டையும் பேர் சொல்லிக் கேப்பாக. பதில் சொல்லாதவுக பேரும் அங்கன நிக்கும். உலகமே பாக்கும்லா?”

செல்வமாரியிடம் இதைச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது.

“அப்போ எங்க வீட்டுக்காரருக்கு முன்னால எட்டுப் பேரை நிறுத்துதீங்களா?”

“இது வரிசை இல்லையம்மா.”

“நீங்க ரேசன் கடையில நின்னதில்ல போல. அங்கன ஆளு கூடுனா சாமான் குறையும்.”

“ஒருவருக்காக ஒரு தூதரகந்தான் கேட்கும். ஒன்பது பேர் நான்கு நாட்டார் என்றால், நான்கும் கேட்கும்.”

சன்னலுக்கும் கதவுக்குமாக இருமுறை நடந்தாள். பிறகு அவளே கப்பலுக்கு அழைத்தாள்.

“ஏட்டி, விதைச்சாச்சா?” என்றது இசக்கிமுருகன் குரல்.

“அது கெடக்கட்டும். அங்கன இருக்கிற ஆளுக பேரு, நாடு எல்லாம் சொல்லுங்க.”

“பர்மாக்காரர் பேரு வாயில நுழையாது. மாமான்னுதான் கூப்பிடுதோம்.”

“ஜெனீவாவுக்கு மாமான்னு எழுதவா? போயி பாஸ்போட்டைப் பாத்துட்டு வாங்க!”

ஒன்பது பெயர்களையும் எழுத முக்கால் மணி நேரமாயிற்று. செய்யது அலி அவற்றை ஜெனீவாவுக்கு அனுப்பினார்.

மூன்றாம் வாரம் கப்பல் பட்டியலில் ஏறியது. நான்கு தூதரகங்களும் ஒரே வாரத்தில் கேள்வி அனுப்பின. அதுவரை கொடி நாட்டைக் கைகாட்டிய துறைமுகத்தார் ஆணை பிறப்பித்தார்கள்: எழுவர் ஊர் திரும்பலாம், மாற்றுக் காவலர் வரும்வரை கப்பலைப் பார்த்துக்கொள்ள இருவர் தங்க வேண்டும். தங்குபவர்கள் ஓர் இந்தோனேசியரும் இசக்கிமுருகனும்.

செய்தி கிடைத்த பகலிலேயே செல்வமாரி வந்து நின்றாள்.

“ஆளு கூடுனா குறையும்னு சொன்னேன்லா சார்?”

ஆணைத் தாளை மீண்டும் எடுத்துப் படித்தேன். மாற்றுக் காவலர் எப்போது வருவார்? ஆணையில் தேதி இல்லை.

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏழு பேரும் ஊருக்குப் போயிட்டா, நாலு நாட்டுல எத்தனை நாடு மறுபடி கேக்கும்?”

“இரண்டு.”

“அவிய எப்ப இறங்குதாக?”

“இன்று மாலை.”

உடனே அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். ஆறாம் முறை அவன் எடுத்தான்.

“ஏங்க, யாரையும் படகுல ஏற விடாதீங்க. மொதல்ல ஒரு பேனாவைத் தேடுங்க. சார் சொல்லுவாக, எழுதுங்க.”

கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஒன்பதின்மரும் வீடு சேரும்வரை இப்புகாரை முடிந்ததாகக் கொள்ளலாகாது என்று, இறங்கும் ஏழு பேரும் புரிந்து ஒப்பமிடத்தக்க ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினேன். அவனுக்குப் பின்னால் யாரோ படகு வந்துவிட்டதென்று கத்தினார்கள்.