திருப்பி வைத்த குறி

என் மனைவி மீது சந்தேகம் வந்துதான் நான் கணினி வகுப்பில் சேர்ந்தேன். மற்றபடி எனக்கும் கணினிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இருபத்தாறு வருடமாக நீஷ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். பெயர் மிலென்கோ.

என் மனைவி வெஸ்னா காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்தாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போனவளிடம், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நிரல் எழுத இலவசமாகச் சொல்லித்தருகிறோம், நான்கு மாதம், செவ்வாயும் வியாழனும், வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

"மவுஸையே ஒழுங்காப் புடிக்கத் தெரியாது. நீ புரோகிராம் எழுதப் போறியா?" என்று சிரித்தேன்.

"தோல் வெட்டுற மெஷினை மட்டும் பொறக்கும்போதே கத்துக்கிட்டா பொறந்தேன்?" என்றாள்.

முதல் வாரம் அவள் பேச்சில் 'வாத்தியார்' என்று ஒருவர் வந்து போனார். மூன்றாவது வாரம் அந்த வாத்தியார் வெறும் 'ஓக்னென்' ஆகிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பீன்ஸ் ஆறிக்கொண்டிருக்கும், அவள் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பாள்.

"மெமரின்னா என்னன்னு நினைக்கிற? நாங்க தோல் வெட்டுற மேஜை மாதிரி. வேலை நடக்கற வரைக்கும் எல்லாம் அதுமேல கெடக்கும். கரண்டு போச்சுன்னா துடைச்சு விட்ட மாதிரி ஆயிடும். டிஸ்க்குங்கறது குடோன். அங்க கொண்டுபோயி வச்சாத்தான் நாளைக்கும் இருக்கும். ஓக்னென் சொல்றாரு, இது பாதிப் பேருக்குப் புரியறதே இல்லையாம். நான் டக்குனு சொல்லிட்டேன்."

"பீன்ஸ் ஆறுது," என்றேன்.

இருபத்து மூன்று வருடக் குடும்பத்தில் அவள் இப்படி மூச்சுவிடாமல் என்னிடம் பேசியது கல்யாணம் ஆன புதிதில்தான். அப்போது பேசியது என்னைப் பற்றி.

ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது மேஜை மேல் இருந்த அவள் தொலைபேசி மினுங்கியது. எட்டிப் பார்த்தேன். 'நீங்க சொன்ன பெட்டி உதாரணம் ரொம்ப அருமை வெஸ்னா. நேத்து ராத்திரி முழுக்க அதையே யோசிச்சேன். ஓக்னென்.'

ராத்திரி முழுக்க! எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

மறுநாள் பணிமனையில் என் கூட்டாளி டிகோமிரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் அதை விடுவானா?

"பொண்டாட்டிய இன்னொருத்தன் பாராட்டுறான்னா ரெண்டு காரணந்தான் இருக்க முடியும். ஒண்ணு, அவ நல்லாப் படிக்கிறா. அது வெஸ்னாவுக்கு வராது. மிச்சம் என்ன?" என்று கண்ணடித்தான். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

அந்த வகுப்பிலிருந்து ஒருவர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனதில் ஓர் இடம் காலியானது. நான் போய்ப் பெயர் கொடுத்தேன். காலை முறை ஓட்டுபவன், மதியத்துக்கு மேல் சும்மாதானே இருக்கிறேன் என்று காரணம் சொன்னேன்.

வெஸ்னாவிடம் சொன்னபோது கோபப்படுவாள், தடுமாறுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவளோ கையைத் தட்டிக் குதித்தாள். "நெஜமாவா? நீயுமா? ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்!" சாயங்காலமே கடைக்குப் போய் எனக்குக் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கி வந்தாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். ஓக்னெனுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு கைப்பிடியை ஒட்டுநாடா சுற்றி வைத்திருந்தான். முதல் நாளே அந்தப் பெட்டி உதாரணம் என்னவென்று தெரிந்துபோனது. எனக்காக அவன் வெஸ்னாவை எழுப்பி அதைச் சொல்லச் சொன்னான்.

"காலணிப் பெட்டி மாதிரி," என்றாள் வெஸ்னா. "மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. அந்தச் சீட்டுதான் பேரு. உள்ள ஒரு ஜோடிதான் வைக்கலாம். புதுசு ஒண்ணு வச்சா பழசு போயிடும். பேரு மாறாது, உள்ள இருக்கறது மாறிட்டே இருக்கும். புரோகிராம்ல நாம வைக்கிற ஒவ்வொரு பேரும் இப்படி ஒரு பெட்டிதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஓக்னென் என்ன சொல்லித்தந்தான் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் கை எங்கே போகிறது, கண் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வகுப்புகளில் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: அவன் வெஸ்னாவைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தை அதிகம் பார்த்தான். ஆறரை ஆனதும் மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிவர ஓடினான். கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. அவன் ராத்திரி முழுக்க விழித்திருந்தது அதற்காக. வெஸ்னாவைப் பாராட்டியதுபோலவே, எழுபது வயது ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரையும் பாராட்டினான். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது. கேள்வி கேட்டதும் மற்ற எல்லாரும் வெஸ்னா பக்கம்தான் திரும்பினார்கள்.

நான்காவது வகுப்பில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் பாடம். "அண்ணே, இது உங்க பாடம்," என்றான் ஓக்னென் என்னிடம். "உங்க பஸ் தினமும் செய்யறதுதான். கடைசி நிறுத்தம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு நிறுத்தமாப் போகணும். எழுதுங்க பார்ப்போம்."

இதுகூடவா எழுத முடியாது? பத்து நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகக் கொடுத்தேன். நிறுத்த எண் பத்துக்குள் இருக்கும்வரை பெயரை அச்சிடு என்று எழுதினேன். ஓட்டினேன். திரையில் 'ரயில் நிலையம்' என்று வந்தது. அடுத்த வரியிலும் ரயில் நிலையம். அதற்கடுத்ததும். திரை முழுக்க ரயில் நிலையம் அருவி மாதிரிக் கொட்டியது. நிற்கவே இல்லை.

"அண்ணன் இன்னும் வண்டியவே எடுக்கல!" என்றார் பல் மருத்துவர். வகுப்பே குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வெஸ்னா. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். என் தோளுக்கு மேலே கையை நீட்டி இரண்டு விசைகளை அழுத்தினாள். அருவி நின்றது.

"எண்ணைக் கூட்டவே இல்லையே நீ. ஒண்ணாவது நிறுத்தம் ஒண்ணாவதாவே இருந்தா எப்பப் பத்து வரும்?" ஒரே ஒரு வரி சேர்த்தாள். என் பேருந்து ஒழுங்காகப் பத்து நிறுத்தமும் போய் நின்றது. கை தட்டினார்கள். யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிமிடம் ஓக்னென் உண்மையிலேயே கெட்டவனாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. ஓர் ஆள் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். அவள் அறிவின் சட்டையை எப்படிப் பிடிப்பது?

பாடம் முடியும் மாதத்தில், எல்லாரும் சொந்தமாக ஒரு நிரல் எழுதிக் காட்ட வேண்டும் என்றான் ஓக்னென். வியாழக்கிழமை வெளியாட்களும் பார்க்க வருவார்கள். வகுப்பு முடிந்து படி இறங்கும்போது என் பக்கத்தில் வந்தான்.

"அடுத்து வர்ற புது வகுப்புக்கு வெஸ்னாவும் எங்கூடச் சேர்ந்து சொல்லித்தரப் போறாங்கன்னதும் எனக்குப் பாதிப் பாரம் கொறஞ்சிடுச்சு அண்ணே."

"என்ன?"

"உங்ககிட்ட சொல்லலையா? பத்து நாளாச்சே, சரின்னு சொல்லி."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். வெஸ்னா காலணியைக் கழற்றிக்கொண்டே, "சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு உன் பஸ் நின்னதுலேர்ந்து உன் மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. எப்படிச் சொல்றது?" என்றாள்.

"எனக்கென்ன? தாராளமாப் போ," என்றேன்.

புதன்கிழமை மதியம் வெஸ்னா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தாள். சமையலறை மேஜையில் அவளுடைய மடிக்கணினி இருந்தது. அவள் எழுதியிருந்த நிரலைத் திறந்தேன். இவ்வளவு தோல் இருந்தால் எத்தனை ஜோடி காலணி வெட்டலாம், எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லும் நிரல். மிச்சமிருக்கும் தோல் ஒரு ஜோடிக்குத் தேவையானதைவிடப் பெரியதாகவோ சமமாகவோ இருக்கும்வரை வெட்டிக்கொண்டே இரு என்று ஒரு வரி. அந்த வகுப்பில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றே ஒன்றுதான்: பெரியது சிறியது காட்டும் அந்தக் குறியின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பெரியது. வாயைத் திருப்பி வைத்தேன். சேமித்தேன். மூடினேன். கையைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை வெஸ்னா நீல நிற உடை போட்டுக்கொண்டு வந்தாள். பல் பிடுங்கிய கன்னம் லேசாக வீங்கியிருந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள்.

"இருநூறு சதுர டெசிமீட்டர் தோல் இருக்கு. ஒரு ஜோடிக்குப் பதினாறு வேணும்," என்று எண்களைக் கொடுத்து ஓட்டினாள். திரையில் வந்தது: பூஜ்யம் ஜோடி. மிச்சம் இருநூறு.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் காது மடல் சிவந்தது. ஓக்னென் எழப் போனான். அவள் கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். விரலைத் திரையில் வைத்து மேலேயிருந்து வரி வரியாகச் சத்தமாகப் படித்தாள். எட்டாவது வரியில் விரல் நின்றது. பிறகு என்னவோ திறந்து பார்த்தாள், மூடினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"குறி தலைகீழா இருக்கு," என்றாள். "எந்திரத்து மேல தப்பில்ல. வெட்டாதேன்னு எழுதியிருக்கு, வெட்டல." திருத்தி ஓட்டினாள். பன்னிரண்டு ஜோடி, மிச்சம் எட்டு. முன்வரிசையில் இருந்த பெண், தப்பை அவள் தேடிய விதத்தைத்தான் எல்லாரிடமும் புகழ்ந்தாள்.

வீட்டுக்கு நடந்தே போனோம். நிஷாவா ஆற்றுப் பாலத்தின் நடுவில் வெஸ்னா நின்றாள்.

"நேத்து ரெண்டு நாப்பதுக்கு நான் பல் ஆஸ்பத்திரியில வாயத் தொறந்துட்டுப் படுத்திருந்தேன்."

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"ஃபைலைக் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு அதுவே எழுதி வச்சிக்கும், மிலென்கோ. நேரத்தோட. நீ வந்த ரெண்டாவது நாளே சொல்லித்தந்தாங்க. நீ அப்ப ஓக்னென் கையப் பாத்துட்டு இருந்த."

"தெரியுமா உனக்கு?"

"நீ எதுக்காகச் சேர்ந்தேன்னு ஒரு வாரத்துலயே தெரியும். சிரிப்புத்தான் வந்துச்சு. இந்த வயசுலயும் என்மேல இவனுக்குப் பொறாமையான்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. ஆனா இது அந்தப் பொறாமை இல்ல. என்மேல ஆசைப்பட்டு வந்தது இல்ல இது." அவள் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு வேலை நல்லா வருதேன்னு வந்தது."

"மன்னிச்சுடு," என்றேன்.

"இன்னும் முடிவு பண்ணல," என்று நடக்க ஆரம்பித்தாள்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு மடிக்கணினி முன்னால் உட்காரவைத்தாள். திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று வெஸ்னா. இன்னொன்று மிலென்கோ.

"இது உன் இடம். உன் ஃபைலெல்லாம் இங்க. என்னோடதுக்கு இனிமே பூட்டு. உனக்கும் ஒரு கடவுச்சொல் வச்சுக்கோ."

"உனக்குத் தெரியாம எனக்கென்ன ரகசியம்?"

"வை," என்றாள். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும்வரை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் தொலைபேசியை நான் எட்டிப் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்து என்னைக் கூசவைத்தது. அதையும் அன்றே சொன்னேன்.

அடுத்த வகுப்பு இலையுதிர்காலத்தில் தொடங்கியது. நான் அதில் இல்லை. வேறொரு மையத்தில், தெரியாத ஆட்களோடு, முதல் பாடத்திலிருந்து மறுபடியும் படிக்கிறேன். வெஸ்னா செவ்வாய், வியாழன் வகுப்பெடுத்துவிட்டு ஏழு மணிக்கு வருகிறாள். சூப்பைச் சூடுபண்ணி வைத்திருப்பேன். இன்றைக்கு யார் என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள், எல்லாரும் எப்படி வாயைப் பிளந்தார்கள் என்று ஆரம்பிப்பாள். பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள்.

"வயிறு எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். மிச்சத்தையும் கேளு," என்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தொடர்வாள்.